பத்து வயசுப் பட்டாளம்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் 'மார்ஷல்' என்றால் ஒரே ஒருவர்தான். மார்ஷல் நேசமணி. அவர் பட்டாளத்தில் இருந்தவரில்லை ஸார், வக்கீல்! தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய தலைவர். 1956 நவம்பர் 1ம் தேதி கோடு போட்டாகிவிட்டது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். அந்தக் கோட்டைப் பற்றி இத்தனை நாளும் நான் கவலைப்பட்டதெல்லாம், பெட்ரோல் எந்தப் பக்கம் விலை குறைச்சல் என்று பார்க்கிற அளவுக்குத்தான்.

இப்போது அதே கோடு என் மகளுடைய கணக்கு நோட்டுக்குக் குறுக்கே வந்து விழுந்துவிட்டது.

மகள் அஞ்சாம் வகுப்பு. குடியரசு தினத்தன்று டி.வி.யில் டெல்லி அணிவகுப்பைப் பார்த்திருக்கிறாள். பெண்கள் ஒரு படையாகக் கை வீசி நடந்து போனார்களாம். "அப்பா, இதுல எங்க போய் சேரணும்?" என்று கேட்டாள், ஏதோ நீச்சல் வகுப்பில் சேருகிற மாதிரி! "சைனிக் ஸ்கூல்னு ஒண்ணு உண்டு மக்கா" என்றேன். அன்றைக்கு ராத்திரியே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. மனைவி ஆளுங்கட்சி. அம்மா எதிர்க்கட்சி.

சைனிக் ஸ்கூல் 1961ல், வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாக இருந்தபோது வந்த யோசனை. ராணுவ அதிகாரிகள் எல்லாம் சில மாநிலங்களிலிருந்தும், வசதியான சில வீடுகளிலிருந்துமே வருகிறார்களே… எல்லா மாநிலத்துச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் சின்ன வயசிலிருந்தே தயார் பண்ணி, கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு அனுப்பினால் என்ன என்று ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஒன்று, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதி நகரில். கேரளத்துக்கு ஒன்று, திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கழக்கூட்டத்தில். இரண்டுமே 1962ல் பிறந்தவை. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். ரொம்ப காலம் பையன்களுக்கு மட்டும் என்று இருந்ததை மாற்றி, 2021-22லிருந்து எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள்.

இனிதான் கோடு வருகிறது. பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 67 இடம். மீதி 33 இடம் மற்ற அத்தனை மாநிலத்துக்கும் பொது. நாகர்கோவிலிலிருந்து கழக்கூட்டம் சுமார் 80 கிலோமீட்டர். காலையில் ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால், மகளைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே நாங்கள் வெளி மாநிலம்! பீகார், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த 33க்குள் இடம் பிடிக்க வேண்டும். எங்களுக்குச் சொந்தமான 67 இருப்பது அமராவதி நகரில். அது 300 கிலோமீட்டருக்கும் மேலே. மதுரைக்குப் போய், பழனியைத் தாண்டி… பக்கத்து வீடு அந்நியம், தூரத்து வீடு சொந்தம். 1956க்கு முன்னால் என் தாத்தா வரி கட்டிய சர்க்கார்தான் கழக்கூட்டத்தையும் ஆண்டது என்று ஒரு மனு எழுதிப் போடலாமா என்றுகூட நினைத்தேன்.

நான் பி.காம். நாலு கடைக்குக் கணக்கு எழுதிவிட்டு மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிற ஜீவன். கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பெண் பிள்ளைகளுக்கு நூற்றுக்குப் பத்து, அல்லது பத்தே இடம், எது அதிகமோ அது. பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் 67 சதவீதம் என்றால் ஆறே முக்கால் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைச்சல். இந்த ஆறு புள்ளி ஏழு பிள்ளைகளில் பட்டியல் இனத்தவருக்கு 15, பழங்குடியினருக்கு ஏழரை, பிற்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீதம். மீதியில் கால்வாசி ராணுவத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு பிள்ளையின் இடது கை மட்டும் மிஞ்சுகிறது! மார்ச் மாசம் கடைக்காரர்களின் பாலன்ஸ் ஷீட்டையே டேலி பண்ணுகிறவன் நான். இது டேலி ஆகவில்லை.

வயசுக் கணக்கு இன்னொன்று. சேருகிற வருஷம் மார்ச் 31ம் தேதி பத்து முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டு தாண்டக் கூடாது. எங்கள் அப்பா காலத்தில் இந்தப் பிரச்னையே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் பார்த்து எழுதுவதுதான் பிறந்த தேதி. அப்பாவின் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மே மாசத்தில் பிறந்தவர்கள். ஊரில் அந்த ஒரு மாசம் மட்டும் அத்தனை பிரசவம் எப்படி நடந்தது என்று மருத்துவச்சிக்கே தெரியாது.

பயிற்சிக்கு எங்கே அனுப்புவது என்று தேடினேன். ஊரில் ஒரு சென்டர் (பெயர் வேண்டாம்). வாசலில் பெரிய போர்டு: 'சைனிக், நவோதயா நுழைவுத் தேர்வுப் பயிற்சி.' உள்ளே இருந்த அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, நவோதயா நம்ம தமிழ்நாட்டிலயே கிடையாதே?"

"இல்லதான். வரும்போ வரட்டும். அதுக்குள்ள நம்ம பிள்ளைய ரெடியா இருக்கணும்லா?"

1986லிருந்து நாடு முழுக்கத் திறந்துகொண்டு வருகிற மத்திய அரசுப் பள்ளிகள் அவை. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு. இடம் கிடைத்தால் தங்கலும் சாப்பாடும் இலவசம். நமக்கு இரு மொழிக் கொள்கை, அவர்களுக்கு மூன்று மொழி. அதனால் தமிழ்நாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் மாவட்டத்து அமைப்பு ஒன்றே வழக்குப் போட்டு, 2017ல் மதுரைக் கிளை அனுமதி கொடுக்கச் சொல்லி, மேலே உச்ச நீதிமன்றம் தடை போட்டு… அது ஒரு தனிக் கதை. கோட்டுக்கு அந்தப் பக்கம் விதுராவில் ஒரு நவோதயா இருக்கிறது. குலசேகரம் மலையில் ஏறி நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று அண்ணாச்சி சொன்னார் (அண்ணாச்சிக்குக் குரல் அப்படி). ஆனால் அந்தந்த மாவட்டத்தில் படிக்கிற பிள்ளைக்குத்தான் அங்கே இடம். ஆக, அண்ணாச்சி இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி கொடுத்து, இருக்கிற ரூபாயை வாங்குகிறார். எங்கள் தொழிலில் இதற்கு 'குட்வில்' என்று பெயர்.

தேர்வு 300 மார்க். அதில் பாதி, அதாவது 150, கணக்குக்கு. மொழி, பொது அறிவு, புத்திக்கூர்மை மூன்றுக்கும் ஆளுக்கு 50. மொத்தம் 125 கேள்வி, இரண்டரை மணி நேரம். தமிழிலும் எழுதலாம். கணக்குப் பாடத் திட்டத்தை வாங்கிப் பார்த்ததும் எனக்கு மீசை துடித்தது. லாப நஷ்டம், தனி வட்டி, சராசரி, சதவீதம்! ஆகா, நம்ம ஏரியா! மூன்று வருஷம் காலேஜில் படித்ததையெல்லாம் மகளிடம் இறக்கி வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

மகள் இறக்க விடவில்லை. "தனி வட்டின்னா என்ன? எங்க டீச்சர் நடத்தவே இல்லியே?" என்றாள். டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் சமச்சீர்ப் புத்தகத்தில் லாப நஷ்டம் ஆறாம் வகுப்பிலும், தனி வட்டி ஏழாம் வகுப்பிலும்தான் வருகிறது. ஆறாம் வகுப்பில் சேருவதற்கு ஏழாம் வகுப்புக் கணக்கு! அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தில்தான் எங்கள் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் போர்டு நாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளத்தைத் தாண்ட அப்பன் பி.காம். படித்திருக்க வேண்டும், அல்லது பீஸ் கட்ட வேண்டும். இரண்டும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? எல்லா மாநிலத்துச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கும் என்று ஆரம்பித்த பள்ளி ஆச்சே என்று எனக்கு அடிக்கிற சந்தேகம் இதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சை என்று பச்சையாகச் சொல்லி வைக்கிற மட்டில் இவர்கள் எவ்வளவோ தேவலை. ஒன்றாம் வகுப்பு அட்மிஷனுக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கக் கூடாது என்று 2009ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவு சொல்கிறது. முதல் தரம் மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் ஒவ்வொரு தரமும் 50,000. அதனால் யாரும் 'இன்டர்வியூ' வைப்பதில்லை. 'சும்மா ஒரு இன்டராக்‌ஷன்' வைக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் என் மனைவி எந்தக் காலேஜ், நான் என்ன சம்பாதிக்கிறேன் என்பதெல்லாம் சும்மா கேட்டுவிட்டு, மகளிடம் ஒரு சிவப்புப் பந்தைக் காட்டி "இது என்ன கலர்?" என்றார்கள். "ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அங்கே இடம் கிடைக்கவில்லை. பிள்ளையின் பதிலில் ஒரு குற்றமும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் இதற்கிடையே தெய்வங்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது. மகளுக்கு இடம் கிடைத்தால் வடைமாலை என்று மனைவி சுசீந்திரம் ஆஞ்சநேயரிடம் நேர்ந்துகொண்டாள். இடம் கிடைக்காவிட்டால் பாலாபிஷேகம் என்று அம்மா ரகசியமாக நாகராஜா கோவிலில் நேர்ந்துகொண்டாள்.

"பத்து வயசுப் பொம்பளப் பிள்ளைய பட்டாளத்துக்கு அனுப்பப் போறியாடே? ஒனக்கு என்ன கோட்டியா? அவளுக்கு அங்க யாரு தலை பின்னி விடுவா?"

"பட்டாளம் இல்லம்மா, பள்ளிக்கூடம்."

"காலைல எழுப்பி ஓட விடுவானாம்லா? இஞ்ச எட்டு மணிக்கு எழுப்ப நான் படுற பாடு…"

போதாததற்கு எதிர்வீட்டு அண்ணன் வந்து, அமராவதி அணைப் பக்கம் முதலைப் பண்ணை இருக்கிறதென்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருப்பது உண்மைதான். 1970களிலேயே ஏற்படுத்தியது. முதலைகளுக்கும் அட்மிஷனுக்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு வாரம் ஆயிற்று.

சிரிக்கிறேனே தவிர, அம்மா கேட்ட கேள்வி ராத்திரியில் என்னையும் தூங்கவிடவில்லை. ஆறாம் வகுப்பில் போனால் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஏழு வருஷம். திரும்பி வரும்போது பதினேழு, பதினெட்டு வயசு. அதோடு காலேஜ், வேலை, கல்யாணம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் மகள் என் வீட்டில் இருக்கப்போவது இந்த அஞ்சாம் வகுப்பு முடிகிற வரைக்கும்தான். அப்புறம் லீவுக்கு வருகிற விருந்தாளி. இந்தக் கணக்கு எந்தப் பாடத் திட்டத்திலும் இல்லை.

எங்களுக்கு சென்டர் விழுந்தது திருநெல்வேலியில். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாடிகளைப் பார்த்ததும் மகள் தூங்கிவிட்டாள். நான் பூரா வழியும் முழித்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. பிள்ளைகளை உள்ளே விட்டு கேட்டை அடைத்ததும், வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் பரீட்சை ஆரம்பமானது. முன்னாள் சுபேதார் ஒருவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். அவருக்குத் தனி ஒதுக்கீடு உண்டே! குளச்சலிலிருந்து வந்த அம்மா ஒருவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாத்தியார், தன் பையனிடம் காலையில் சொல்லிக்கொடுத்த எல்.சி.எம். கணக்கை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குலசேகரம் பக்கத்துக்காரர். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன்னே எழுந்து மரத்துக்கு மரம் போகிற வேலை. மழை பெய்தால் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது.

"இது ரெண்டாமத்த தவண சாரே. போன வருசம் எளுதினான், கிட்டல்ல."

"போன வருஷம்னா, பையன் இப்போ ஆறாவது படிக்கானா?"

"ஆமா. கிட்டிச்சுன்னா மறுபடியும் ஆறுதான். ஒரு வருசம் போவும். போனா போட்டு."

எங்கே பயிற்சி என்று கேட்டேன். பயிற்சியெல்லாம் இல்லையாம். அரசுப் பள்ளியில் ஒரு டீச்சர், சாயங்காலம் பஸ் வருகிற வரைக்கும் அவனை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். டீச்சரின் பஸ் எப்போதும் லேட். அந்த பஸ்ஸின் தயவில் தனி வட்டி வரைக்கும் முடித்துவிட்டார்களாம்.

"அங்க போனா சமயத்துக்குச் சோறு, மேப்பு எல்லாம் உண்டும்லா சாரே? எனக்கு வெட்டு முடிஞ்சு வீட்ல கேற மணி பத்தாவும். அதுக்குள்ள அவன் பள்ளிக்குப் போயிருப்பான். ராத்திரி நான் நேரத்தே படுக்கணும். எப்பிடியும் நான் அவனப் பாக்கியது கொறவுதான்."

நான் ராத்திரியெல்லாம் போட்ட கணக்கை அவர் இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதற்கு மேலே பேச்சு எழவில்லை. நேந்திரங்காய் வத்தல் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினேன்.

நாலரைக்குக் கேட் திறந்தது. மகள் வந்தாள். "எப்படி மக்கா?" என்றேன். "பசிக்கி" என்றாள். அவர் பையன் வந்தான். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 வாங்கினால் தேர்ச்சி. மகள் 203 எடுத்துத் தேறிவிட்டாள். ஆனால் தேறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தப் பள்ளி முதலில், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். 67 இருக்கிற இடத்தை முதலில் போடு என்றது என் கணக்கு. "கழக்கூட்டம்தான் ஃபர்ஸ்ட். அங்கன்னா சுசீந்திரம் தேருக்கு வந்துடலாம்" என்றாள் மகள். பட்டாளத்துக்குப் போகிறவள் முதலிலேயே லீவுக்கு ஏற்பாடு செய்கிறாள்! கடைசியில் அமராவதி நகர் முதலில், கழக்கூட்டம் அடுத்தது என்று சமாதானம் ஆயிற்று. ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தோம். இரண்டிலும் அவள் பெயர் வரவில்லை.

மகள் ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், "அடுத்த வருஷமும் எனக்கு வயசு இருக்குல்லா?" என்று கேட்டாள். இருக்கிறது. நாகராஜாவுக்குப் பாலாபிஷேகம் நடந்தது. அம்மா கோவிலிலிருந்து வந்து, பேத்தியைப் பிடித்து உட்கார வைத்து, கேட்காமலேயே தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னிவிட்டாள். ஆஞ்சநேயர் கணக்கு அடுத்த வருஷத்துக்குக் 'கேரி ஃபார்வர்டு'.

போன வாரம் குலசேகரத்திலிருந்து போன். பையனுக்கு அமராவதி நகர் கிடைத்துவிட்டதாம். கண், காது, பல் எல்லாம் டாக்டர் பார்த்து, சரி என்று எழுதிவிட்டாராம். வருஷத்துக்கு லட்சத்தைத் தாண்டுகிற பீஸ். ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். கணக்கு எழுதுகிறவன் ஆச்சே என்று என்னிடம் கேட்கிறார்.

"சாரே, மாச வருமானம்னு கேக்கியான். மள மாசத்தயும் கூட்டணுமா?"

கூட்ட வேண்டும், கூட்டிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும் என்று சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொரு காரியம். கொண்டு போற இரும்புப் பெட்டில பயலுக்க பேர எளுதணும்லா. நான்தான் எளுதுவேன்னு இவ பெயின்ட வச்சிட்டு இருக்கா. அவளுக்குத் தமிள்தான் எளுத வரும். அங்க எடுத்துக்கிடுவாவளா?"

"அமராவதி நகர் நம்ம தமிழ்நாட்டிலதான் அண்ணாச்சி இருக்கு. எழுதச் சொல்லுங்க" என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மூடியின் உள்பக்கத்தில் இங்கிலீஷிலும் ஒரு தரம் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.